ஒரு தேத்தண்ணிக்குக் காணாது

அரை வாட்டும் கொஞ்சமும்.
ஒரு பகல், ஓர் இரவு முழுக்க
முகத்துவாரத்துக் கடல் போட்டு ஆட்டினாலும்
என் இயந்திரம் சேர்த்து வைப்பதில்
ஒரு கோப்பைத் தண்ணீர் கொதிக்காது.
கொதிக்கச் சற்று முன்னால்,
கேத்தல் முனகத் தொடங்கும் இடத்தில்
நின்றுவிடும்.

மூன்றாம் அத்தியாயத்தை
மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுதினேன்.
வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
ரயில் போனால் சுவர் அதிரும்,
கடல் வந்தால் ஜன்னல் கம்பி துருவேறும்.
மின்வெட்டில் படியேறி மூச்சு வாங்கிய வீட்டுக்கார அம்மா
என் தாள்களை எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"கடலுக்க கரண்ட் இருக்கெண்டால்
எங்கட லிப்டுக்குக் கொஞ்சம் தாருமன் பிள்ளை."

ஆய்வுக்கூடப் பதிவேட்டில் அது வெறும் இலக்கம்.
நிலந்த தன் ஆட்டோவுக்கு அடித்து மிஞ்சிய
செம்மஞ்சள் பெயின்றைப் பூசிய அன்று
தம்பிலி ஆனது.
இளநீர்க் குலையிலிருந்து தனியே கழன்று
கடலில் விழுந்த மாதிரி.
உள்ளே ஓர் ஊசல், நான்கு காந்தம்,
என் விரல்நுனி வெடிக்கச் சுற்றிய செப்புக் கம்பி.
அலை கொடுப்பதைத் தின்று
நீரின் சூட்டை அளந்து
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
தான் எங்கே என்று சொல்ல வேண்டும்.
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

சுமையை ஏற்றினால் ஊசல் மரத்துப் போகும்.
இறக்கினால் கூத்தாடும்,
ஒரு சொட்டும் தங்காது.
நடுவில் எங்கோ இருந்த எண்ணுக்காக
இரண்டு வருடம், ஒரு கண்ணாடி இலக்கம்
கூடியது.
பரிசோதனைத் தொட்டியில் கிடைத்தது அந்த எண்.
தொட்டி அலைகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்,
வரிசை குலையாமல் வரும்.
கடல் பள்ளிக்கூடம் போனதில்லை.

சலமோனின் படகை வாடகைக்கு எடுத்தேன்.
மண்ணெண்ணெய் வரிசையில் நிற்பது என் பங்கு.
விடிய ஐந்து மணிக்கு அழைப்பார்:
"இன்னக்கி கடல் எண்ணெ மாதிரி கெடக்கு,
வாறீங்களா?"
எண்ணெய்க் கடல் அவருக்கு நல்ல நாள்.
தம்பிலிக்குப் பட்டினி.

பிறகு கச்சான் எழும்பியது.
காலிமுகத்திடலில் சுருளில் கட்டி விற்கும் கச்சான் அல்ல,
விற்பவனின் குடையைப் பிய்க்கும் கச்சான்.
முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்ந்து கிடக்க
என் திரையில் எண்கள் ஏறின,
ஒன்று, ஒன்றரை, இரண்டேகால்.
வானொலி சொன்னது:
மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.
அந்த வரியைக் கேட்டு
நான் கைதட்டினேன்.
தட்டிய கையை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
சலமோனுக்கு அன்று நான்காவது நாள், வீட்டில்.

ஐந்தாம் இரவு நங்கூரக் கயிறு அறுந்தது.

தம்பிலி தெற்கே புறப்பட்டது.
துறைமுகம் தாண்டி, கொள்ளுப்பிட்டி தாண்டி,
பம்பலப்பிட்டிக்கு நேரே கொஞ்சம் தயங்கி.
ஒவ்வொரு இருபது நிமிடமும் ஒரு புள்ளி.
எங்கள் வீதி முழுக்க இருட்டு.
காஸ் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தால் வெறும் மணியோசை.
என் கைபேசியில் ஏழு வீதம்.
வந்த செய்தியில்:
நீர் இருபத்தெட்டு தசம் ஒன்பது.
பற்றரி நிறைவு.
புள்ளியைத் தொட்டுப் பெருப்பித்தேன்.
வெள்ளவத்தை.
என் ஜன்னலுக்கு நேரே,
இரண்டு கிலோமீற்றர்.

எழுந்து போய்ப் பார்த்தேன்.
ஒன்றும் தெரியவில்லை.
தண்டவாளத்துக்கு அப்பால்
வெள்ளை வெள்ளையாக எதுவோ உடைந்துகொண்டிருந்தது.

கைபேசி அணைவதற்கு முன்
சலமோனின் செய்தி:
"நாளைக்கி கடல் அடங்குமாம்.
போய் எடுத்துருவோம்.
எங்க கெடக்குன்னு மட்டும்
காலைல அதுகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

அடங்கினால்
அது சொல்லாது, சலமோன்.